கப்பல்காரர் கட்டிய வேலி

எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதில் ஒட்டு எங்கே இருக்கிறது என்றுதான் கப்பல்காரர் முதலில் பார்ப்பார். எங்கள் தொழிலில் ஒட்டு என்றால் இரண்டு இரும்பைச் சேர்த்துப் பற்றவைத்த இடம். நன்றாகத் தேய்த்து சாயம் அடித்துவிட்டால் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலால் தட்டினால் சத்தம் மாறும்.

"ஒண்ணாப் பொறந்த சாமான்னு ஒலகத்துல கெடையாது லா. எல்லாம் எவனோ சேத்து வச்சதுதான்" என்பார். "மாத்தாஹாரி எடுத்துக்க. மாத்தா கண்ணு, ஹாரி நாளு. நாளோட கண்ணு. அதான் சூரியன். மலாய்க்காரன் என்னமா பத்த வச்சிருக்கான் பாரு."

சொல்லிக்கொண்டே இருக்கும்போது வேலை நின்றுவிடும். உள்ளேயிருந்து பட்டறை முதலாளி, சீனத் தௌக்கே, கத்துவார்: "ஓய் கப்பல்! மூலுட் சாஜா, கெர்ஜா பிலா?" வாய் மட்டும்தானா, வேலை எப்போது என்று. இவர் முகமூடியை இழுத்து விட்டுக்கொண்டு அடுத்த கம்பிக்குத் தீ வைப்பார். முகமூடிக்குள்ளிருந்தும் பேச்சு வரும்.

ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் செய்கிற அந்தப் பட்டறையில் நான் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தேன். எனக்கு அதுவே அதிகம். படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன். லூமுட்டில் மீன் பெட்டி தூக்கியிருக்கிறேன், லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன், கோழிப் பண்ணையில் கோழிகளோடு ஒரே கூரைக்குக் கீழ் படுத்திருக்கிறேன். பட்டறை மாடியில் படுக்க இடம் கொடுத்தார்கள். மழை பெய்தால் ஒரு மூலை மட்டும் ஒழுகும். நல்ல இடம்தான்.

அவரை எல்லோரும் கப்பல்காரர் என்றுதான் சொன்னார்கள். கோலா கங்சாருக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரம் போட்ட ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்து, லூமுட்டில் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு, பிறகு நார்வேக்காரன் கப்பலில் வெகுகாலம் இருந்தவர். பெண்சாதி செத்துப்போன பிறகு கடலை விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. கடலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. துறைமுகங்களையும் பெண்களையும் பற்றி நானே கிண்டிக் கேட்டதுண்டு. "எல்லாத் தண்ணியும் ஒரே தண்ணிதான், விடு" என்று முடித்துவிடுவார். கப்பலிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு பிடிச் சொற்கள் மட்டும்தான். அதுவும் மாதாகோயில் சம்பந்தப்பட்டவை.

ஒரு குளிர்காலம் முழுக்க அவர் கப்பல் நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் பழுது பார்க்க நின்றிருக்கிறது. கையுறைக்குள்ளே விரல் செத்துப்போகும் குளிர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் சுடச்சுடக் காப்பி கொடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, இவர் போயிருக்கிறார். இவர் கத்தோலிக்கர், அது லூத்தரன் சபை.

"அது பரவாயில்லையா அண்ணே?" என்று கேட்டேன். நான் முருகனைக் கும்பிடுகிறவன், எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் சரியாகத் தெரியாது.

"சாமி ஒண்ணுதான்டா. காப்பிதான் வேற."

அந்தக் காப்பிக்கே அவர்களிடம் ஒரு சொல் இருந்ததாம். ஷிர்க்கெகாஃபே. கோயில் காப்பி. அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியாத புதையலை எடுத்துக் காட்டுகிறார் என்று நினைக்கத் தோன்றும். காப்பி ஊற்றிய பெண்மணி பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். பாஷை தெரியாத இந்தக் கறுத்த மனிதருக்கு, ஒரு கோப்பைக்கு ஒரு சொல் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். அப்படி வந்ததுதான் ஷிர்க்கெகோர்.

அதைப் பட்டறையில் கேட்காதவர் யாரும் இல்லை. தௌக்கேயின் பெண்சாதிகூடக் கேட்டிருக்கிறாள். எனக்குச் சொன்னது ஒரு கேட்டுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

"ரெண்டு துண்டு. ஷிர்க்கெ ஒண்ணு, கோர் ஒண்ணு. ஷிர்க்கென்னா மாதாகோயில். அது கிரேக்கு பாஷையிலேருந்து நடந்து நடந்து வந்து சேந்ததாம். ஆண்டவரோடதுன்னு அர்த்தம். ஆண்டவர் வீடு. நாம என்ன சொல்றோம்? கோ, இல். ராசா வீடு. நார்வே எங்க இருக்கு, நம்ம எஸ்டேட்டு எங்க இருக்கு? ஒரே கெர்ஜா பாத்தியா?"

"அப்ப கோர்?"

"இன்னிக்குப் பண்ணைம்பான், முற்றம்பான். பழைய காலத்துல கோர்ன்னா வேலி. வேலி போட்டதுனாலதான் அது பண்ணை, அது முற்றம். இங்கிலீஷ்ல கார்டன், யார்டு இருக்கில்ல, எல்லாம் இதுக்குப் பங்காளிங்க."

"ரெண்டும் சேந்தா என்னண்ணே?"

"கல்லறைத் தோட்டம்."

நான் கொஞ்ச நேரம் தேய்த்தேன். "செத்தவன் எங்கண்ணே இதுல?"

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல. "அதான் லா விஷயம். சொல்லுல செத்தவனே கெடையாது. சாமி வீடு இருக்கு, வேலி இருக்கு. அது ரெண்டும் இருந்தா உள்ள கெடக்கறவன் பத்திரமா இருப்பான்."

அந்த ஊரில் பழைய கோயில் எப்போதோ எரிந்து, புதியதை வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்களாம். எரிந்த இடத்தில் கல்சுவர் மட்டும் நிற்கிறது. உள்ளே கல்லறைகள். கோயில் இல்லை என்று யாரும் பெயரை மாற்றவில்லை, அது இன்றைக்கும் ஷிர்க்கெகோர்தான். இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் ஊரில் ஒவ்வொரு பண்ணைக்காரனுக்கும் அந்தச் சுவரில் ஒரு நீளம் பங்கு. தன் பங்கு இடிந்தால் அவனவன்தான் கல் சுமந்து அடுக்க வேண்டும். சுவரைப் பார்த்தாலே எவன் சோம்பேறி என்று தெரியுமாம்.

எனக்கும் அவர் ஒரு பெயர் வைத்தார். ஊத்தங்கார்ஸ். அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சில் கோர் என்பது கார் ஆகிவிடுமாம். ஊத்தன் என்றால் வெளியே. வேலிக்கு வெளியே. "எந்தக் கட்டுத்தறியிலயும் நிக்காத மாடு நீ. ஒனக்கு இதான் பேரு" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைத்தானே சொன்னார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் தான் பிறந்த தோட்டத்துக்குப் போவார். தொழிலாளர் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். கித்தாவை வெட்டிச் செம்பனை போட்டிருந்தார்கள். மக்கள் ஈப்போவின் அடுக்குமாடி வீடுகளில் சிதறிப் போயிருந்தார்கள். தோட்டத்தில் மிச்சமிருந்தது தகரக் கூரை போட்ட ஒரு சின்ன மாதாகோயிலும் பக்கத்தில் கல்லறைகளும்தான். மாதம் ஒருமுறை சாமியார் வந்து பூசை வைப்பார். பூசை முடிந்ததும் இவர் ஒரு வாளி நிறையக் காப்பியோடு வாசலில் நிற்பார். வாளி தூக்க என்னைக் கூட்டிப் போனார்.

செசிலி அக்காவை அங்கேதான் பார்த்தேன். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் துணி மடிக்கிற வேலை. மெலிந்த உடம்பு, பெரிய குரல்.

"கப்பல்காரண்ணே, இது காப்பியா, கப்பலுக்கு அடிக்கிற தாரா?"

"குடிச்சுட்டுச் சொல்லும்மா."

"குடிச்சா சொல்றதுக்கு நாக்கு இருக்குமா?" என்பாள். என் பக்கம் திரும்புவாள். "ஏய் ஊத்தங்காரு, இந்த மாசமும் அதே வேலைதானா? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" அந்தப் பெயர் மட்டும்தான் அவளுக்குத் தெரியும், அர்த்தம் கேட்டதில்லை.

சிரித்து முடித்ததும் கோப்பையோடு தனியாக நடந்து போவாள். கல்லறைகளைச் சுற்றிச் செம்பருத்தி வேலி ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. அங்கங்கே சில தூர்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த வரிசையைத் தாண்டி இருபதடி போல் போனால் சிவப்புக் குரோட்டன்ஸ் செடி ஒன்று. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காப்பியைக் குடிப்பாள்.

"அவ பொண்ணு" என்றார் கப்பல்காரர். "பொறந்து அழவே இல்ல. ஞானஸ்நானம் குடுக்கல. அப்ப இருந்த உபதேசியார் உள்ள பொதைக்கக் கூடாதுன்னுட்டாரு. அந்தக் காலத்துச் சட்டம். கித்தா மரத்தடியில வச்சாங்க. மரத்த வெட்டினப்ப இவ அந்தச் செடிய நட்டுட்டா." அப்படிப்பட்ட குழந்தைகள் அந்தப் பக்கம் இன்னும் சிலர் உண்டு. தேடி வருகிற தாய் இவள் ஒருத்திதான்.

பிறகு தோட்டம் கை மாறியது. வாங்கியவர்கள் வீடு கட்டி விற்கிறவர்கள். கோயிலுக்குப் பதிலாக டவுனில் ஒரு கடைவீட்டு மாடியைக் கொடுப்பதாகக் கோயில் மேலிடத்தோடு பேசி முடித்தார்கள். ஒரு ஞாயிறு நாங்கள் வாளியோடு போனபோது கோயில் இல்லை. சிமெண்டுத் தரை மட்டும் கழுவிவிட்ட மாதிரிக் கிடந்தது. கல்லறைகளைப் பற்றிக் கேட்டால் பிறகு பேசலாம் என்றார்களாம்.

பெண்கள் அழுதார்கள். கப்பல்காரர் தரையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். "வீடு போச்சு" என்றார். "கோர் போகல. வேலி போட்டுடலாம்."

அன்றைக்கே அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பேசினார்கள். குடும்பத்துக்கு ஒரு துண்டு. நார்வே மாதிரியே. புதிதாக வாங்க வேண்டாம், வீட்டில் கிடக்கும் எந்த இரும்பும் ஆகும். நட்டு நிறுத்துவது அவர் பொறுப்பு. வேலி எங்கே போக வேண்டும் என்று வந்தபோது அவர் சந்தேகமே இல்லாமல் சொன்னார்: "பழைய வேலி இருந்த எடத்துலதான். அந்தக் கோடு எல்லாருக்கும் தெரியும், எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஒரு அடி வெளிய போனாலும் எடம் பிடிக்க வாரோம்பான். அப்புறம் மொத்தத்துக்கும் ஆப்பு."

செசிலி அக்கா கேட்டாள். பெரிய குரலில் இல்லை. "எஞ்செடி வரைக்கும் வராதாண்ணே?"

"மொதல்ல இது நிக்கட்டும்மா. அந்தப் பக்கம் பொறவு இழுத்துக்கலாம்."

அவள் தலையாட்டினாள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

அடுத்தடுத்த வாரங்களில் வந்த இரும்பைப் பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் கம்பிகள், கட்டில் தலைமாடு, உடைந்த ஊஞ்சல், பழைய கோழிக் கூண்டின் கதவு. லயத்து வீட்டை இடித்தபோது ஒரு நினைப்புக்காக எடுத்து வைத்திருந்த கேட்டின் பாதியை ஒருவர் கொண்டுவந்தார். மற்றப் பாதி அவர் தம்பியிடம் இருந்தது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பாதியையும் கப்பல்காரர் பக்கத்தில் பக்கத்தில் நட்டுவிட்டார். "நீங்க பேச வேணாம். இதுங்க பேசிக்கும்" என்றார்.

செசிலி அக்கா தையல் மெஷினின் காலை மிதிபலகையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். பூவேலை செய்த கறுப்பு இரும்பு.

"எத்தன வருஷம் மிதிச்சிருப்பேன் இத. எனக்கு மூணாவது காலு."

அவர் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "இது வார்ப்பிரும்பும்மா. இதுக்கும் கம்பிக்கும் பத்த வச்சா நிக்காது. வெடிச்சிடும்."

"எங்கிட்ட வேற இரும்பு இல்லண்ணே."

அவர் மதியம் முழுக்க அதில் துளை போட்டு, போல்ட்டு முறுக்கி, குரோட்டன்ஸ் செடியைப் பார்த்த மூலையில் நிறுத்தினார். அந்த வேலியில் பற்றவைக்காமல் முடுக்கிய ஒரே துண்டு அது. அவள் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. திருப்தியாகிவிட்டது.

வேலி முடிந்த வாரமே வீடு கட்டுகிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைத் தொப்பி போட்ட தமிழ்ப் பையன், ஈப்போக்காரன்தான். மரியாதையானவன். நாங்கள் சண்டைக்குத் தயாராக நின்றோம். அவன் வேலியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுக் கப்பல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க அங்கிள். எல்லை எதுன்னு தெரியாமத்தான் மேல இருக்கவங்க குழம்பிட்டு இருந்தாங்க. இப்ப நீங்களே காட்டிட்டீங்க. இதுக்குள்ள ஒரு கல்லையும் தொட மாட்டோம். எழுதியே தாரோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ கப்பல்காரரைக் கட்டிப் பிடித்தார்கள். அவன் ஒரு சிவப்புச் சாய டப்பியைக் குலுக்கி வேலியின் வெளிப்பக்கமாகத் தரையில் கோடு இழுத்துக்கொண்டே போனான். தையல் மெஷின் கால் வரை வந்தபோது செசிலி அக்கா கேட்டாள், "அந்தப் பக்கம் தம்பி?"

"அது ரோடு வர்ற எடம் அக்கா."

"அங்க பிள்ளைங்க இருக்கு."

அவன் திரும்பிப் பார்த்தான். புல்லும் ஒரு செடியும் தெரிந்தது. "வேலிக்கு வெளியவா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். கப்பல்காரரைப் பார்த்தான். "அங்கிள், கல்லறை இருந்திருந்தா நீங்க வேலிய அங்க வரைக்கும் கொண்டு போயிருப்பீங்கல்ல?"

பழைய கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று சொன்னவரே கப்பல்காரர்தான்; அவர் சொல்லக்கூடியதெல்லாம் அந்தப் பையன் பக்கம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்யாதது இல்லை. சாமியாரிடம் போனோம். அவர் நல்லவர், வருத்தப்பட்டார். இப்போது அந்தச் சட்டமெல்லாம் இல்லை, அந்தக் குழந்தைகளும் ஆண்டவர் கையில்தான் இருக்கின்றன என்றார், தொலைபேசியில் யாரிடமோ பேசிப் பார்த்தார். கோயில் மேலிடமும் கம்பெனியும் ஒப்புக்கொண்ட எல்லையை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. மற்றக் குடும்பங்கள் மெதுவாக ஒதுங்கின. கிடைத்ததும் போய்விடுமோ என்ற பயம். "உள்ள இருக்கறது தப்பிச்சுதே, அது போதும்ணே" என்றார் கேட்டுப் பாதியைக் கொடுத்த பெரியவர். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய அப்பாவும் அம்மாவும் உள்ளே. கப்பல்காரரின் அப்பாவும் அம்மாவும் பெண்சாதியும்கூட உள்ளேதான்.

ஒரு திங்கட்கிழமை தௌக்கேயிடம் சொல்லாமல் பட்டறையின் லாரியில் நாலு கம்பித் துண்டுகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். செடியைச் சுற்றியாவது நட்டுவிடலாம் என்று. போனபோது எஸ்கவேட்டர் வேலையைத் தொடங்கியிருந்தது. ஓட்டியவன் இந்தோனேசியாக்காரன். கப்பல்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றதும் இயந்திரத்தை நிறுத்தினான். அவர் மலாயில் சொன்னதை முழுக்கக் கேட்டான். பிறகு மேற்பார்வை பார்க்கிறவன் தூரத்திலிருந்து விசில் அடித்தான். இவன் கையை நெஞ்சில் வைத்து "மாஃப், பாக்" என்றான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. விசில் மறுபடியும் கேட்டது. நான் கப்பல்காரரின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கனமே இல்லை.

செடி இருந்த இடம் தெரியவில்லை. எல்லாம் ஒரே செம்மண். லாரியிலிருந்த கம்பிகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து இறக்கினோம். தௌக்கே பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

கல்லறைத் திருநாள் நவம்பரில் வரும், மழைக்காலம். சாமியார் வந்து மந்திரிக்க, எல்லோரும் வேலிக்குள் வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அன்றைக்குக் கூட்டம் அதிகம். வேலியைப் பார்க்கவே பினாங்கிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். சாமியார் பிரசங்கத்தில் கப்பல்காரரைப் பாராட்டினார். பேசாத அண்ணனும் தம்பியும் ஒரே குடைக்குள் நின்றார்கள். கப்பல்காரர் தலை குனிந்தபடி இருந்தார். அடக்கம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

செசிலி அக்கா ஒரே ஒரு மெழுகுவர்த்தியோடு வந்திருந்தாள். வேலி ஓரமாக நடந்தாள், நின்றாள், திரும்ப நடந்தாள். வெளியே போய் வைக்கலாம் என்றால் எங்கே வைப்பது? கடைசியில் தையல் மெஷின் காலின் மிதிபலகை மேல் வைத்து, உடம்பைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தி ஏற்றினாள். கப்பல்காரர் போய்த் தன் தொப்பியை மெழுகுவர்த்திக்கு மேலே பிடித்துக்கொண்டார், தூறல் படாமல். நான் காப்பி வாளியோடு பின்னால் நின்றேன்.

மெழுகுவர்த்தி பாதி உருகியதும் அவள் பேசினாள். அவளுக்குக் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குரலில் இல்லை.

"ஒங்களுக்குத்தான் அந்த ஊரு வார்த்தையெல்லாம் தெரியுமேண்ணே. வேலிக்கு உள்ள இருக்கறதுக்கு ஒரு பேரு சொன்னீங்க. வெளிய இருக்கறதுக்கு என்ன பேரு?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாளிக்குள்ளே பார்த்தேன்.

எந்தச் சொல்லைக் கேட்டாலும் பிரித்துக் கையில் கொடுக்கிற மனிதர். தொப்பியை நகர்த்தாமல், "அதுக்கு அங்க பேரு கெடையாதும்மா" என்றார்.

"அப்படியா" என்றாள் அவள். மெழுகு சொட்டிப் பூவேலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அது அணையும் வரை இருவரும் நின்றார்கள். அதற்குள் காப்பி ஆறிவிட்டது. யாரும் குடிக்கவில்லை, வாளியைச் செம்மண்ணில் கவிழ்த்தேன்.

மறுநாள் பட்டறையில் ஒரு கேட்டைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஊத்..." என்று கூப்பிட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். நான் அங்கே இருந்த மிச்ச நாட்களில் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார்.